ஆன்ஃபீல்டு அரங்கச் சுற்றுலா: இரவல் பகைக்கு ஒரு முகவரி

லிவர்பூல் கால்பந்துக் கிளப் தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நடத்தும் அரங்கச் சுற்றுலாவைப் பற்றியும் அதனுடன் இணைந்த அருங்காட்சியகத்தைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் ஆகும் என்பனவற்றோடு அவற்றுள் பல நின்றுவிடுகின்றன. இந்த மதிப்புரை வேறொரு கேள்வியை வைத்து எழுதப்படுகிறது. அந்த நகரத்தில் பிறக்காமல், அங்கே உறவினர் எவரும் இல்லாமல், தொலைக்காட்சி வழியாக மட்டுமே இந்த அணியைத் தன் அணியாக ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு இந்தச் சுற்றுலா எதைக் கொடுக்கிறது?

அப்படிப்பட்ட ரசிகர் சிவப்புச் சட்டையை வாங்கும்போது கூடவே இரண்டு பகைகளையும் சுவீகரித்துக்கொள்கிறார். ஒன்று, அதே நகரத்தின் எவர்ட்டன். இன்னொன்று, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மான்செஸ்டர் யுனைடெட். அந்த அணிகள் தோற்றால் அவருக்கு மகிழ்ச்சி. வென்றால் அன்றைய தூக்கம் போய்விடும். ஏன் என்று கேட்டால் கோப்பைகளின் எண்ணிக்கையைச் சொல்வார், பழைய ஆட்டங்களின் முடிவுகளைச் சொல்வார். பகையின் வேர் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது. ஆன்ஃபீல்டு சுற்றுலாவின் பெரிய பயன், அந்த வேர் இருக்கும் மண்ணின் மீது அவரை நிற்க வைப்பதுதான் என்பது என் கருத்து.

சுற்றுலா 2016இல் விரிவாக்கப்பட்ட மெயின் ஸ்டாண்ட் என்ற முதன்மைப் பார்வையாளர் மாடத்தின் உயரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு விளக்கக் கருவியும் காதில் மாட்டிக்கொள்ள ஒலிக்கருவியும் தருகிறார்கள். முக்கியமான இடங்களில் வழிகாட்டிகள் நின்று பேசுகிறார்கள். கருவியில் பதிவு செய்யப்பட்ட விளக்கம் சீராகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனாலும் வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு வழிகாட்டிகளைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எவர்ட்டனைப் பற்றிக் கேட்டால் அவர்கள் பேசும் தொனியே வேறு. கேலி இருக்கும், வெறுப்பு இருக்காது. தன் தம்பியையோ மாமனாரையோ பற்றிப் பேசுகிறவரின் உரிமை அதில் தெரியும். வெளிநாட்டு ரசிகர்களின் பேச்சில் நான் கேட்டுப் பழகிய தொனி இதுவன்று.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. அருங்காட்சியகம் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது லிவர்பூல் அன்று, எவர்ட்டன்தான். 1884 முதல் அந்த மைதானம் எவர்ட்டனின் வீடாக இருந்தது. 1888இல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு அணிகளுள் ஒன்றாக எவர்ட்டன் அங்கேதான் ஆடியது. 1891இல் முதல் முறையாக இங்கிலாந்தின் சாம்பியன் ஆனதும் அங்கேதான். மைதானம் ஜான் ஹோல்டிங் என்ற மதுபான ஆலை உரிமையாளரின் பிடியில் இருந்தது. நூறு பவுண்டாக இருந்த வாடகை சில ஆண்டுகளில் 250 பவுண்டாக உயர்ந்தது. மைதானத்தில் குடிப்பொருள் விற்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. கிளப் நிர்வாகத்தில் மதுவிலக்கை ஆதரித்தவர்களும், அரசியலில் அவருக்கு எதிர்முகாமில் இருந்தவர்களும் இதைப் பொறுக்கவில்லை. 1892இல் எவர்ட்டன் மொத்தமாக வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறம் குடிசன் பார்க் என்ற புதிய மைதானத்தைக் கட்டிக்கொண்டது. கையில் மைதானம் இருந்தும் ஆட அணி இல்லாத ஹோல்டிங், அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் உருவாக்கியதுதான் லிவர்பூல் கால்பந்துக் கிளப். அதன் தொடக்ககாலச் சட்டை நீலமும் வெள்ளையும்தான். சிவப்பு சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

ஆக, இந்தப் பகை வாடகைத் தகராறில் பிரிந்த ஒரு குடும்பத்தின் பங்காளிச் சண்டை. ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், ஒருவர் சிவப்பு, இன்னொருவர் நீலம். 1902இல் ஹோல்டிங் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியை இரு கிளப்களின் வீரர்களும் சேர்ந்து சுமந்தார்கள். 1984இல் லீக் கோப்பையின் இறுதிப் போட்டியில் இரு அணிகளும் வெம்பிளியில் முதல் முறையாக மோதியபோது, ரசிகர்கள் கலந்தே உட்கார்ந்து தங்கள் வட்டாரத்தின் பெயரைச் சேர்ந்து முழங்கினார்கள். பங்காளிகள் அடித்துக்கொள்ளலாம்; துக்க வீட்டில் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அவர்களுக்குள் இருக்கிறது. தொலைவிலிருந்து பகையை எடுத்துக்கொள்கிறவருக்கு அடிப்பது மட்டும் வந்து சேர்கிறது, அந்தக் கட்டுப்பாடு வந்து சேர்வதில்லை.

மெயின் ஸ்டாண்டுக்கு வெளியே 2018இல் ஹோல்டிங்கின் மார்பளவுச் சிலையை நிறுவியிருக்கிறார்கள். லிவர்பூலின் புகழ்பெற்ற பழைய பயிற்சியாளர்களான பில் ஷாங்க்லி, பாப் பெய்ஸ்லி ஆகியோரின் சிலைகளுக்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்க, இந்தச் சிலையைப் பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். எவர்ட்டன் மீதான பகை எங்கே தொடங்கியது என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மனிதரைத்தான்.

உள்ளே, உடைமாற்றும் அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீரர்களின் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பார்வையாளர்கள் தங்களுக்குப் பிடித்த சட்டையின் கீழ் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். செய்தியாளர் சந்திப்பு அறையும் அப்படியே. ஆனால் மைதானத்துக்குப் போகும் வழியில் தொங்கும் பலகையின் முன் நின்று பார்க்க வேண்டும். ‘இது ஆன்ஃபீல்டு’ என்ற பொருளில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளும், அவற்றுக்கு நடுவே கிளப்பின் பறவைச் சின்னமும் உள்ள பலகை அது. தொலைக்காட்சியில் தோன்றுவதைவிடச் சிறியது. தாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்று எதிரணி வீரர்களுக்கு உணர்த்துவதற்காக ஷாங்க்லி காலத்தில் மாட்டப்பட்டது. முன்னாள் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப், ஏதாவது ஒரு கோப்பையை வெல்லும் வரை அதைத் தொடக் கூடாது என்று தம் வீரர்களுக்குச் சொல்லியிருந்தார். 2019இல் ஆறாவது ஐரோப்பியக் கோப்பையை வென்ற பிறகே அந்தத் தடை நீங்கியது. பகை என்பது எதிரியை இழிவுபடுத்துவதாக இல்லாமல் தன் தகுதியைத் தானே அளந்துகொள்வதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இந்தப் பலகையும் இந்தத் தடையும் நல்ல சான்றுகள்.

மைதானத்தின் ஒரு முனையில் இருக்கும் கோப் என்ற ஸ்டாண்டைப் பற்றி ஒரு செய்தியைத் தமிழ் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருக்கும் ஸ்பியான் கோப் என்ற குன்றின் பெயர் 1906இல் இந்த மேட்டுக்குச் சூட்டப்பட்டது. 1900 ஜனவரியில் போயர் போரின்போது அந்தக் குன்றின் மீது நடந்த சண்டையில், லிவர்பூல் அன்று சேர்ந்திருந்த லங்காஷயர் பகுதியின் படைப்பிரிவுகளைச் சேர்ந்த வீரர்கள் ஏராளமாக மாண்டார்கள். அந்தப் போர்க்களத்தில் காயமுற்றவர்களைச் சுமந்து சென்றவர்களுள் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். அன்றைய நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள். லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் புனித இடமாகக் கருதும் ஸ்டாண்டின் பெயருக்குப் பின்னால் இந்த மனிதர்களின் உழைப்பும் இருக்கிறது. அந்த ஸ்டாண்டைப் பார்த்து நிற்கும் தமிழ் ரசிகர் தம்மை முற்றிலும் அந்நியராக நினைக்கத் தேவையில்லை.

அடுத்த பகை, மான்செஸ்டர். இதை அரங்குக்குள் மட்டும் நின்று புரிந்துகொள்வது கடினம். அருங்காட்சியகம் இயல்பாகவே தன் அணியின் வெற்றிகளைக் கொண்டாடும் இடம். ஆறு ஐரோப்பியக் கோப்பைகளின் முன்னே நிற்கும்போது மனம் வேறெதையும் கேட்பதும் இல்லை. ஆனால் இந்தப் பகை ஆட்டக்களத்தில் பிறந்தது அன்று, துறைமுகத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரின் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தி லிவர்பூல் துறைமுகத்தில்தான் இறங்கியது; நெய்த துணியும் அங்கிருந்தே கப்பலேறியது. துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் தங்கள் லாபத்தைத் தின்கின்றன என்று மான்செஸ்டர் வணிகர்கள் குமுறினார்கள். கடலை நேராகத் தங்கள் ஊருக்கே கொண்டுவர 58 கிலோமீட்டர் நீளக் கப்பல் கால்வாயை வெட்டி, 1894இல் திறந்தார்கள். லிவர்பூலின் கப்பல் தொழிலாளர்களுக்கு அது வயிற்றில் அடித்த செயல். யுனைடெட்டின் சின்னத்தில் இன்றும் ஒரு பாய்மரக் கப்பல் இருப்பதை அந்த அணியின் ரசிகர்களே பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே 1894 ஏப்ரலில், பிளாக்பர்ன் நகரத்தின் ஈவுட் பார்க்கில், முதல் டிவிஷனில் கடைசி இடம் பெற்ற நியூட்டன் ஹீத் அணியும் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்ற லிவர்பூலும் மோதின. லிவர்பூல் 2–0 என்று வென்று மேலே ஏறியது. நியூட்டன் ஹீத் கீழே இறங்கியது. அந்த நியூட்டன் ஹீத்தான் 1902இல் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரு நகரங்களின் வணிகப் போட்டியும் இரு அணிகளின் ஆட்டப் போட்டியும் ஒரே ஆண்டில் முகம் காட்டின என்பதை அறிந்த பிறகு, இன்று இரு அணிகளும் தலா 20 லீக் பட்டங்களுடன் சமமாக நிற்பதைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது.

பகையின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெரிய அணியாக உருவாக்கிய பயிற்சியாளர் மேட் பஸ்பி, அங்கே போவதற்கு முன் லிவர்பூல் அணியில் ஆடியவர். அதன் தலைவராகவும் இருந்தவர். ஷாங்க்லியும் அவரும் இறுதி வரை நண்பர்கள். 1964இல் ஃபில் சிஸ்னல் யுனைடெட்டிலிருந்து லிவர்பூலுக்கு வந்ததற்குப் பிறகு இரு அணிகளுக்கிடையே நேரடியாக எந்த வீரரும் மாறியதில்லை என்ற செய்தியைத் தொலைதூர ரசிகர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். பஸ்பியின் கதையை அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சுற்றுலாக் கட்டணம் எதுவும் இல்லாமல் பார்க்கக் கூடிய, ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் நிற்க வேண்டிய இடம், மெயின் ஸ்டாண்டின் அருகே இருக்கும் ஹில்ஸ்பரோ நினைவிடம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நடந்த கோப்பை அரையிறுதி ஆட்டத்தின்போது கூட்ட நெரிசலில் நசுங்கிய லிவர்பூல் ரசிகர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 97 பேர். அவர்களில் பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். பழியை இறந்தவர்கள் மீதே சுமத்தியவர்களுக்கு எதிராகக் குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேல் போராடின. இறந்த ரசிகர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016இல்தான் விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. துயரம் நடந்து ஒரு வாரத்தில், குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்டு வரை, ஸ்டான்லி பூங்காவின் குறுக்கே, சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு சங்கிலியாகக் கட்டினார்கள். அதைச் செய்தவர்களில் எவர்ட்டன் ரசிகர்களும் இருந்தார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு ரசிகர் குழு ஒன்று ஏற்பாடு செய்திருந்த ஆட்டத் திரையிடலில், 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் இறந்த யுனைடெட் வீரர்களைக் கேலி செய்யும் பாட்டைச் சிலர் சிரித்துக்கொண்டே பாடியதைக் கேட்டிருக்கிறேன். அந்த விபத்தில் இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் வீரர்கள். பாடியவர்களுக்கு அந்த எண்கூடத் தெரிந்திருக்கவில்லை. இணையத்தில் ஹில்ஸ்பரோவைக் கேலி செய்யும் மறுதரப்பு ரசிகர்களும் இதே வகைதான். இங்கிலாந்தின் அரங்குகளிலும் இந்த இழிவு இல்லாமல் இல்லை. 2023 மார்ச்சில் க்ளோப்பும் யுனைடெட் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கும் ஆட்டத்துக்கு முன்பே கூட்டாக இதை நிறுத்தச் சொன்னார்கள்; அதே ஆண்டில் பிரீமியர் லீக்கும் கடுமையான நடவடிக்கைகளை அறிவித்தது. ஆனால் உள்ளூரில் இப்படிப் பாடுகிறவனை முறைத்துப் பார்க்கவும் வாயை மூடச் சொல்லவும் இறந்தவர்களின் உறவினர்கள் பக்கத்து இருக்கையில் இருக்கிறார்கள். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாடுகிறவனைத் தடுக்க யாரும் இல்லை. இந்த நினைவிடத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றவர் எந்த அணியின் மரணத்தையும் பாட்டாக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

லிவர்பூலின் வறுமையைக் கேலி செய்யும் பாட்டுகளும் இதே கணக்கில் சேர வேண்டியவை. 1980களில் துறைமுகமும் ஆலைகளும் சரிந்து வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில் எதிரணி ரசிகர்கள் தொடங்கி வைத்த வழக்கம் அது. அந்த ஊரின் பதில் என்ன என்பதை ஆட்ட நாளில் அரங்குக்கு வெளியே காணலாம். 2015இல் லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய உணவு வங்கி ஆதரவு இயக்கம், இரு அணிகளின் ஆட்டங்களின்போதும் அரங்கின் அருகே உணவுப் பொருள்களைத் திரட்டுகிறது. வருகிற பிற அணிகளின் ரசிகர்களும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கடையைப் பற்றி இரண்டு வரி போதும். கிளப்பின் அதிகாரபூர்வக் கடை பெரியது, பொருள்கள் தரமானவை, கூட்டம் எப்போதும் அதிகம். ஆட்ட நாளில் வெளியே தெருவோரத்தில் விற்கப்படும் கழுத்துத் துண்டுகளை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பாதி சிவப்பு, பாதி எதிரணியின் நிறம் என்று, அன்றைய ஆட்டத்தின் தேதியோடு அச்சிட்ட துண்டுகளை அங்கே விற்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நினைவுப் பொருளாக அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். உள்ளூர் ரசிகர்களுக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. என் ஓட்டு உள்ளூர்க்காரர்களுக்கே. இரண்டு நிறத்தையும் ஒரே துண்டில் அணிவது நட்பும் ஆகாது, பகையும் ஆகாது. நட்பைக் காட்ட விரும்புகிறவர், ஸ்டான்லி பூங்காவைக் கடந்து அந்தப் பக்கம் போய் வரலாம்.

உண்மையில் அந்த நடையைச் சேர்க்காமல் இந்தச் சுற்றுலா முழுமையடையாது. ஆன்ஃபீல்டு ரோடு பக்கத்திலிருந்து சாலையைக் கடந்தால் பூங்கா. இரு மைதானங்களுக்கும் இடையே ஒரு மைல்கூட இல்லை. எவர்ட்டனின் ஆடவர் அணி 2025இல் பிராம்லி–மூர் துறைமுகப் பகுதியின் புதிய அரங்குக்குப் போய்விட்டது. குடிசன் பார்க் இடிக்கப்படாமல், அவர்களின் மகளிர் அணியின் வீடாகத் தொடர்கிறது. அரங்கின் மூலையோடு ஒட்டி நிற்கும் செயின்ட் லூக் தேவாலயத்தையும், ஒரே பருவத்தில் 60 லீக் கோல்கள் அடித்த எவர்ட்டன் வீரர் டிக்ஸி டீனின் கதையையும் லிவர்பூல் ரசிகரும் அறிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு அருகில், இவ்வளவு சின்னத் தெருக்களுக்கு நடுவே, செங்கல் வீடுகளின் வரிசைக்குள் இருக்கும் ஓர் எதிரியைத் தொலைவிலிருந்து கற்பனை செய்தே பார்க்க முடியாது. எவர்ட்டன் மீதான போட்டி எனக்கு இன்றும் குறையவில்லை. ஒரே ஊரின் இரு அணிகள் மோதும் டெர்பி ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கினாலும் வலிக்கிறது. ஆனால் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் தொலைதூர ரசிகர்களிடம் இருக்கிறதே, அதில் பங்கு கொள்ள என்னால் முடியாது. பங்காளி இல்லாத ஊரில் டெர்பி ஏது?

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பதிவைக் கிளப்பின் தளத்தில் நேரடியாகச் செய்வது நல்லது. ஆட்டச் சீட்டையும் சுற்றுலாவையும் ஒன்றாகக் கட்டி விற்கும் இடைத்தரகர்களை நம்பி வெளிநாட்டு ரசிகர்கள் பணத்தைத் தொலைப்பது வழக்கமாக நடக்கிறது. ஆட்ட நாளில் முழுச் சுற்றுலா கிடைக்காது என்பதால் ஆட்டத்துக்கு முந்தைய நாளையோ மறுநாளையோ வைத்துக்கொள்ளலாம். காலையில் முதல் நேரங்களில் போனால் வழிகாட்டிகளிடம் நிதானமாகப் பேச முடியும். அருங்காட்சியகத்தைக் கடைசியில் அவசரமாகப் பார்க்காமல், 1892ஆம் ஆண்டுப் பகுதிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹோல்டிங் சிலை, நினைவிடம், பூங்கா, குடிசன் என்ற வரிசையில் நடந்தால் அரை நாள் ஆகும். மான்செஸ்டர் பகையின் கதையும் வேண்டும் என்பவர்கள் மாலையில் மெர்சி ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதிக்குப் போய் ஆல்பர்ட் டாக் கிடங்குகளைப் பார்க்கலாம். எவர்ட்டன், யுனைடெட் ரசிகர்களுக்கும் இந்தச் சுற்றுலாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தங்கள் சொந்தச் சட்டையை மட்டும் அன்று விடுதி அறையிலேயே வைத்துவிட்டு வரலாம்.